நாலாவது விரல்

அசைய மாட்டேன் என்கிறது. நாசமாய்ப் போன சாமான், ஒரு மயிரிழை அசைய மாட்டேன் என்கிறது. பத்து மணிக்குக் குனிந்தவன், இப்போது பதினொன்று ஆகப்போகிறது, இடுப்பு இரண்டாய்ப் பிளக்கிறது, பானெட் விளிம்பு வயிற்றில் அழுந்திக் கோடு போட்டுவிட்டது, வேர்வை மூக்கு நுனியில் நின்று நின்று எஞ்சின் மேல் சொட்டுகிறது, அது மட்டும் சைலன்சர் குழாயோடு கூடப் பிறந்தது மாதிரி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஆக்சிஜன் சென்சாராம். பெயரைப் பார், கட்டைவிரல் தண்டி இருக்கிற சாமானுக்கு ஆஸ்பத்திரிப் பெயர். அது கெட்டால் மஞ்சள் விளக்கு எரியும், வண்டி திக்கித் திக்கிப் போகும், மேடு வந்தால் கிழட்டு எருமை மாதிரி நின்று யோசிக்கும். ஒர்க்‌ஷாப் பிரான்சிஸ் எட்டிக்கூடப் பார்க்காமல், "விட்டுட்டுப் போங்ணா, சனிக்கிழமை தர்றேன்" என்றான். சனிக்கிழமையா? எனக்கு இன்றைக்கு வேண்டும். வியாழக்கிழமை, மூன்று மணிக்கு, மாட்டுச் சந்தை மாரியம்மன் கோயில் முன்னால் நான் இந்தக் காரில் போய் இறங்க வேண்டும், சனிக்கிழமை வந்து இதை நான் பூசை போட்டுக் கும்பிடவா? "உன்ற சனிக்கிழமைய நீயே வெச்சுக்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அது என் வழக்கம். திரும்பி நாலு எட்டு வைத்தால் பின்னாலிருந்து கூப்பிடுவான். நாற்பது வருசமாய் எல்லாரும் கூப்பிட்டிருக்கிறார்கள், துணிக்கடைக்காரன் கூப்பிட்டிருக்கிறான், கல்யாண மண்டபத்துக்காரன் கூப்பிட்டிருக்கிறான், பிரான்சிஸ் கூப்பிடவில்லை. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வண்டியை உருட்டினேன், அவன் அடுத்த வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டிருந்தான். போகட்டும். புது சென்சாரை ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அரைமணி நேரம் பேசி, கடைக்காரன் "எடுத்துட்டுப் போய்த் தொலைங்ணா, வாங்கின வெலைக்கே குடுத்த மாதிரி இருக்கட்டும்" என்று டப்பாவை மேசையில் வீசுகிற வரைக்கும் பேசி வாங்கி வந்துவிட்டேன். வாங்குவது பெரிதில்லை, எனக்கு வாங்கத் தெரியாததா. பழசைக் கழற்றணுமே. கழன்று வர வேண்டுமே, இந்தக் கெரகம்.

கண்ணுக்குத் தெரிந்தால் பரவாயில்லை. எஞ்சினுக்குப் பின்பக்கம், தகரத் தடுப்புக்கு அடியில், ஒரு பெருச்சாளி போகிற சந்து, அதற்குள் கையை மட்டும்தான் விட முடியும். கண் இங்கே பானெட் கம்பியைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும், கை அங்கே தானாகத் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். இது ஒன்றும் எனக்குப் புதிதில்லை. புரோக்கர் நல்லசிவத்தின் கைக்குக் கண் இருக்கிறது என்று சந்தையில் சொல்வார்கள். வலது கையைத் துண்டுக்குள் விட்டு, எதிராளி என் விரலைப் பிடிக்கிற பிடியை வைத்தே மாட்டுக்கு என்ன விலை கேட்கிறான், எதுவரை இறங்குவான், வீட்டில் என்ன அவசரம், எல்லாம் சொல்லிவிடுவேன். வாயால் விலை பேசக் கூடாது, அது எங்கள் சந்தையின் சட்டம். சுற்றி நாற்பது பேர் நிற்பார்கள், எல்லார் கண்ணும் துண்டு மேல்தான் இருக்கும், உள்ளே நடப்பது ஒருத்தனுக்கும் தெரியாது. எத்தனை விரலைப் பிடிக்கிறானோ அத்தனை, ஆயிரமா பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரியும். ஒத்துக்கொண்டால் துண்டை உதறித் தோளில் போட வேண்டியதுதான். உதறின பிறகு பேச்சு மாறினவனுக்குச் சந்தையில் டீ கூடக் கிடைக்காது. போன வியாழக்கிழமை ஆறுச்சாமி பிடித்தது மூணு. மூணு விரல். ஆள்காட்டி, நடு, மோதிரம். மூணுதான். துண்டை உதறிய பிறகு வெளியே வந்து நாலு என்கிறான். நாலாம். ஸ்பேனர் வழுக்குகிறது, இரு, மறுபடி பிடி. மூணு. முப்பது வருசம் என் எதிரில் துண்டு போட்டவன், என் வீட்டுக்காரி வசந்தாமணி அண்ணன் என்று கூப்பிடுகிறவன், நான் மச்சான் என்று கூப்பிடுகிறவன், ஒரு ஜோடி மயிலைக் காளைக்கு என்னிடமே பேச்சு மாறுகிறான். காது அடைத்துவிட்டது எனக்கு. என்ன சொன்னேன், எல்லாமும் சொன்னேன், அவன் அப்பன் ஆத்தாள் வரைக்கும் சொன்னேன், காளைகள் இரண்டும் மிரண்டு பின்வாங்கின. அவன் திருப்பித் திட்டவில்லை. "நாலு மச்சா. நாலத்தான் புடிச்சேன்" என்று அதையே மூன்று தரம் சொன்னான். கத்தினால்தானே எனக்கும் ஒரு பிடி கிடைக்கும்? கத்தாமல் நின்றான். பொய் சொல்கிறவன்தான் அப்படி நிற்பான். இல்லையா? பொய் சொல்கிறவன்தான்.

"ஏனுங்க, உள்ற தலைய உட்டுட்டு அதோட பேசிட்டிருக்கறீங்களா?"

வசந்தாமணி. மோர் சொம்போடு நிற்கிறாள். இவளுக்கு எப்போதும் சரியான நேரம் தெரியும், ஸ்பேனர் பல்லில் உட்காருகிற நேரமாய்ப் பார்த்து வருவாள்.

"பேசறேன். அதாச்சும் கேக்குது."

"கேட்டாத்தான் கழண்டிருக்குமே. குடிங்க முதல்ல. சுகர் மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்."

"டப்பாவுல அப்படியே இருக்குது."

"இருந்தா இருக்குது, போடீ அக்கட்ட."

"நானென்ன மாட்டுக்காரனா, போடீன்னா போறதுக்கு?" சொம்பை பேட்டரி மேல் வைத்தாள், யாராவது பேட்டரி மேல் மோரை வைப்பார்களா, நான் கத்துவதற்குள் அவளே எடுத்துத் தரையில் வைத்தாள். "இந்த வண்டி ஓடலீன்னா என்னங்க? சாமி முன்னால ஒரு மனுசன் கற்பூரம் அடிக்கறதப் பாக்கறதுக்குக் காருல போகோணுமா? பஸ்ஸுல போனா சத்தியம் செல்லாதா?"

பஸ்ஸில் போய் இறங்குவேனா நான். கை வீசி நடந்து போவேனா, அத்தனை பேர் பார்க்க. அவன் பக்கம் நியாயம் இருக்கிற மாதிரி ஆகிவிடாதா. அவள் போகாமல் நின்றாள். "அண்ணன் அப்படிச் செய்யற ஆளுங்களா?" என்றாள், குரலை இறக்கி. "நீங்க நல்லா நெனைச்சுப் பாருங்க. ஒருவேளை கூட்டத்துல..." ஸ்பேனரை எடுத்து எறிந்தேன். அவள் மேல் இல்லை, சுவர் மேல்தான், அடித்து விழுந்த சத்தத்தில் கூரை மேலிருந்த புறா எழுந்து போனது. வசந்தாமணி புறா போனதைப் பார்த்துவிட்டு, ஸ்பேனரைப் பொறுக்கி என் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே போனாள். முப்பத்திரண்டு வருசப் பழக்கம். எறிவதை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவாள்.

சரி, இந்த முள்கரண்டி மாதிரி இருக்கிற ஸ்பேனர் உதவாது, வழுக்கி வழுக்கி மூலையைத்தான் தின்கிறது, ரிங் ஸ்பேனர் போட வேண்டும், ரிங் போட வேண்டுமென்றால் சென்சாரின் பின்னால் வருகிற ஒயர் தடுக்கிறது, ஒயரை வெட்டினால்தான் வளையம் உள்ளே இறங்கும். வெட்டினால் பழசு செத்தது. திரும்ப மாட்ட முடியாது. துண்டை உதறின மாதிரி. வெட்டினேன். எதையும் யோசித்துச் செய்து நான் மேலே வரவில்லை, பதினோரு வயதில் சந்தையில் கயிறு பிடிக்க வந்தபோது யோசித்துக்கொண்டா வந்தேன், வயிறு தள்ளியது, வந்தேன். முதல் தரம் துண்டுக்குள் கை விட்டபோது என் விரலைப் பிடித்தவன் அரை என்று கணுவை அழுத்தினதைக் கவனிக்காமல் விட்டு ஒரு சினைப் பசுவையே இழந்தேன், அழுதேன், பிறகு வீட்டில் இருட்டில் என் விரலை நானே பிடித்துப் பிடித்துப் பார்த்து, நுனி, கணு, அடி என்று ஒவ்வொன்றாய்ப் பழகினேன். அந்த விரல். அதற்குப் போய்ச் சந்தேகமா. ஒயர் முனையைப் பிடித்து வளையத்துக்குள் கோக்கப் பார்க்கிறேன், பிடித்திருக்கிறேன் என்று நினைக்கிறேன், பார்த்தால் ஒயர் கீழே தொங்குகிறது. எப்போது நழுவியது? எண்ணெய்க் கை, வழுக்கும். மறுபடி. சட்டைப் பொத்தான் கூட இப்போதெல்லாம் இப்படித்தான், கண்ணாடி முன் நின்று பார்த்துப் பார்த்துப் போட வேண்டியிருக்கிறது, புதுச் சட்டை, ஓட்டை சின்னது. போன மாதம் கோயில் வாசல் வரைக்கும் ஒரு கால் செருப்போடு நடந்திருக்கிறேன், இன்னொன்று எங்கேயோ கழன்று போயிருக்கிறது, வசந்தாமணிதான் பார்த்துச் சிரித்தாள், நானும் சிரித்தேன். டாக்டர் பாதத்தில் ஊசி மாதிரி ஒன்றை வைத்து "தெரியுதுங்களா, தெரியுதுங்களா" என்று கேட்டார், தெரியாத இடத்திலும் தெரியுது என்றேன், எதிராளி முகத்தைப் பார்த்து விலை சொல்லிப் பழகினவன் நான், அவர் புருவம் ஏறுகிற நேரமாய்ப் பார்த்துத் தலையாட்டினேன். "கால்லதான் முதல்ல வரும், பாத்துக்குங்க" என்றார். காலில்தான். காலில்தானே. கையைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் விலை ஏறும்.

வளையம் இறங்கிவிட்டது, கடவுளே, பல்லில் உட்கார்ந்தும் விட்டது. இப்போது தள்ளு. மூணு. தள்ளு. மூணு. பாதம் வழுக்கித் தலை பானெட்டில் இடிக்கிறது. இரும்பு இரும்பாகவே இருக்கிறது. துருவுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயைக் காலி பண்ணிவிட்டேன், மூக்கெல்லாம் மண்ணெண்ணெய் வாசம், அது மசிகிற வழியைக் காணோம். பிரான்சிஸ் எப்போதோ சொன்னது நினைவுக்கு வருகிறது, "சைலன்சர்ல மாட்டினதப் பச்ச இரும்புல கழட்டக் கூடாதுங்ணா, ஓட்டிச் சூடு பண்ணி, சூட்டோட கழட்டணும், அப்பத்தான் எளகிக் குடுக்கும்." அவனிடமே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் வந்திருப்பான். ஒரு வார்த்தை தணிந்து கேட்டிருந்தால். சாவியைத் திருப்பினேன், எஞ்சின் பிடித்தது, திக்கியது, பிடித்தது. கால்மணி நேரம் ஓடட்டும் என்று வாசற்படியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுதான் தப்பு. வேலையில்லாமல் இருந்தால் இந்த மனசு ஆறுச்சாமி வீட்டுக்குப் போய்விடுகிறது.

எரிகிற கற்பூரத்தை அடித்து அணைத்துச் சத்தியம் பண்ண மாட்டேன் என்றுதான் அவன் முதலில் சொன்னான். வீட்டில் பெண் எட்டு மாதக் கர்ப்பம், சுகந்தி, முதல் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் சத்தியம் பண்ணக் கூடாது மச்சா, மெய்யே ஆனாலும் அணைக்கிற நெருப்பு வயிற்றைத்தான் தேடும் என்பான், அவன் வீட்டில் அது வழிவழியாய் இருக்கிற பயம். கூட்டம் அவன் வாயையே பார்த்தது. நான் விட்டேனா? எங்கே அழுத்தினால் வலிக்கும் என்று தெரிந்தவன் அல்லவா நான். "பொய் சொன்னவனுக்குத்தாண்டா கற்பூரத்தப் பாத்தா பயம்" என்றேன். "நீ அடி. நீ அடிச்சுட்டீன்னா நான் அன்னைக்கோட துண்டு போடறத உட்டர்றேன். அடிக்கலீன்னா நீ திருடன்." அவன் என்னைப் பார்த்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தான், அது இப்போது ஏன் நினைவுக்கு வருகிறது. "செரி" என்றான். "அடுத்த வியாழக்கெழமை. மூணு மணிக்கு. அடிக்கறேன்." அந்த ஒரு வாரமும் சந்தையில் யாரும் அவன் துண்டுக்குள் கை விடவில்லையாம். காளைகள் திரும்ப அவற்றின் பட்டிக்கே போய்விட்டன. ஒருநாள் காங்கேயம் காளை ஒன்று என்னைத் தொடையில் குத்தித் தூக்கிப் போட்டதே, அப்போது அதன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தொங்கினவன் அவன், உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து போனது, அந்தக் கையோடு என்னைத் தூக்கி ஜீப்பில் போட்டான், வழியெல்லாம் "மச்சா, மாடு உன்னயும் வெல கேட்டுருச்சுடா, கட்டுப்படியாகலீன்னு உட்டுருச்சு" என்று சிரித்துக்கொண்டே அழுதான். அது வேறு. இது வேறு. அன்றைக்கு நல்லவனாய் இருந்தவன் இன்றைக்குப் பேச்சு மாறக் கூடாதா. மாறுவான். எல்லாரும் மாறுவார்கள். மூணு. எஞ்சின் சத்தத்தில் அந்த வார்த்தை திக்கித் திக்கிப் போகிறது.

மணி பன்னிரண்டரை. அணைத்தேன். தோளில் கிடந்த துண்டை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு சந்துக்குள் கையை விட்டேன். அனல் முகத்தில் அடித்தது, கை அடுப்புக்குள் போகிற மாதிரி. தடவினேன், ஸ்பேனர் இருந்தது, பிடித்தேன், முழங்கையை மடக்கி உடம்பு பாரம் முழுக்க அதன் மேல் சாய்த்தேன். ஆத்தா மாரியாத்தா, ஒரே ஒரு தரம். வரவில்லை. சாய்ந்தேன். வரவில்லை. இதற்கு யார்மேல் கோபம், நட்டு மேலா, பிரான்சிஸ் மேலா, டாக்டர் மேலா, நாலு நாலு என்று நின்றானே அவன் மேலா, எல்லார் மேலும், எல்லாரையும் சேர்த்து வைத்து அழுத்தினேன், பல் கிட்டித்தது, கண்ணில் பூச்சி பறந்தது, உள்ளே எங்கேயோ பட்டென்று ஒரு சத்தம், எலும்பு முறிகிற மாதிரி. கொடுத்துவிட்டது. கொடுத்துவிட்டது! இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒன்று, இப்போது வெண்ணெய் மாதிரி சுற்றுகிறது, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, யாருமில்லாத வாசலில் நானும் காரும் மட்டும், ஹோ என்று சிரித்தேன், வாடா வழிக்கு, நல்லசிவத்திடமா. அப்போதுதான் அந்த வாசம். மண்ணெண்ணெய் இல்லை. ஸ்ப்ரே எரிகிற வாசமோ என்று நினைத்தேன், இல்லை, இது வேறு, தீபாவளிக்கு ஆட்டுத்தலை வாட்டுவார்களே, அந்த வாசம். மயிர் பொசுங்கி, தோல் பொசுங்குகிற வாசம். எங்கேயிருந்து? குனிந்து பார்த்தேன், எலி கிலி விழுந்துவிட்டதா என்று. கையை வெளியே எடுத்தேன்.

துண்டு உள்ளங்கையைத்தான் மூடியிருந்தது. சுண்டுவிரல் வெளியே. அதன் வெளியோரம், நுனியிலிருந்து அடி வரைக்கும், வெள்ளையாய், வேகவைத்த கோழித்தோல் மாதிரி சுருங்கி, நடுவில் மேலே எழும்பிக் கொப்புளமாகிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரமும் குழாய் மேல் சாய்ந்து இருந்திருக்கிறது. நான் அதன் மேல் என் உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தியிருக்கிறேன். பார்த்துக்கொண்டே நின்றேன். இது வலிக்க வேண்டும். இப்போது வலிக்கும், பட்டவுடன் வலிக்காது, இப்போது வரும். நின்றேன். வரவில்லை. இடது கை நகத்தால் நுனியைக் கிள்ளினேன். யாரோ பக்கத்து வீட்டில் கதவு தட்டுகிற மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒன்று. பலமாகக் கிள்ளினேன். யாருடைய விரல் இது? என் கை நுனியில் யாருடைய விரலைத் தொங்கவிட்டுக்கொண்டு நான் சந்தையில் நின்றேன்? இரு, இரு, அவசரப்படாதே. சூடு பட்டால் கொஞ்ச நேரம் மரத்துப்போகும், எல்லாருக்கும்தான், அதுவாக இருக்கும். போன வாரம் சூடு எங்கே பட்டது? படவில்லை. போன வாரம் நன்றாக இருந்திருக்கும், இன்றைக்குத்தான். இப்படி இறங்கி இறங்கிப் பேசுகிறேன், எதிரில் யாரும் இல்லை, எனக்கு நானே விலை பேசுகிறேன்.

"வசந்தா!"

என் குரலில் என்ன இருந்ததோ, கரண்டியோடு ஓடி வந்தாள். கையைப் பார்த்தாள். "அய்யோ, என்றா சாமீ இது" என்று கரண்டியைப் போட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்தாள். தண்ணீர் ஊற்றினாள், ஊற்றிக்கொண்டே திட்டினாள், "வெந்து போச்சே, இப்புடி வேகற வரைக்கும் கைய வெச்சுட்டு இருப்பாங்களா, மனுசன் கத்த மாட்டானா, ஏனுங்க கத்தல?" அப்புறம் அவளே நிறுத்திவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். "ஏனுங்க கத்தல?" என்றாள் மறுபடி, இந்தத் தடவை வேறு மாதிரி.

"துண்ட எடு" என்றேன்.

"எதுக்கு?"

"எடு. போடு மேல. உள்ற கைய உட்டு என்ற வெரலப் புடி. எத்தனையின்னு சொல்லாத. மெதுவா, கொப்புளத்துல படாம, அடியில புடி."

"ஊட்டுக்காரிகிட்டத் துண்டு போட்டு வெல பேசற ஆள இப்பத்தான் பாக்கறேன்" என்றாள், சிரிப்பு வரவில்லை, உதடு மட்டும் அப்படிப் போனது. கல்யாணம் ஆனதிலிருந்து இந்தத் துண்டைத் துவைத்திருக்கிறாள், காயப் போட்டிருக்கிறாள், உள்ளே கை விட்டதில்லை, எந்தப் பொம்பிளையும் விட்டதில்லை. ஈரக் கை உள்ளே வந்தது. நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். சந்தையில் எப்போதும் அப்படித்தான், எதிராளியைப் பார்க்கக் கூடாது, தூரத்தில் எதையாவது பார்க்க வேண்டும். அவள் விரல்கள் என் விரல்களைச் சுற்றின. ஆள்காட்டி, தெரிகிறது, நல்லாத் தெரிகிறது, வளையல் தேய்கிறது கூடத் தெரிகிறது. நடுவிரல், தெரிகிறது. மோதிர விரல். கொஞ்சம், துணிக்கு மேல் பிடித்த மாதிரி, ஆனால் தெரிகிறது. அதற்கப்புறம் துண்டு. காற்று. ஒன்றும் இல்லை. எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது, பிடி அங்கேயே நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

"மூணு" என்றேன்.

துண்டுக்குள் வளையல் ஒரு தரம் நகர்ந்தது.

"மூணுதானே?"

வேப்பமரத்தில் ஒரு அணில் இறங்கி வந்து பாதியில் நின்று மறுபடி ஏறியது. நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் துண்டை உதறவில்லை, ஒரு ஓரத்தைப் பிடித்து மெதுவாக ஒதுக்கினாள், குழந்தை மேலிருந்து போர்வையை ஒதுக்குகிற மாதிரி. அவள் கை என் நாலு விரலையும் சேர்த்துப் பிடித்திருந்தது. சுண்டுவிரலைத்தான் இறுக்கமாய்ப் பிடித்திருந்தாள்.

மணி ஒன்றேகால். இன்னும் நேரம் இருக்கிறது. சந்தைச் சத்தத்தில் சரியாய்ப் பிடிபடவில்லை என்று சொல்லலாம். அவனும் இறுக்கிப் பிடித்திருக்கலாமே என்று சொல்லலாம். தப்பு ரெண்டு பக்கமும் இருக்குது, போச்சாது உடு மச்சா, சத்தியம் கித்தியம் வேண்டாம், உன் பெண்ணுக்காக நான் விட்டுக்கொடுக்கிறேன் என்று பெரிய மனுசனாய்ச் சொல்லிவிட்டு வந்துவிடலாம், நாலு பேர் புகழவும் செய்வார்கள். பார், இன்னும் பேசுகிறேன். அரை விரலுக்கு முடிக்கப் பார்க்கிறேன். ஒரு வாரமாய் ஒருத்தனைத் திருடனாய் உட்கார வைத்துவிட்டு அரை விரலுக்கு. ஆனால் சொன்னால் என்ன ஆகும்? கை செத்த புரோக்கர். என் துண்டுக்குள் யார் கை விடுவான்? நாற்பது வருசம் இந்தக் கை மட்டும்தான், படிப்பில்லை, நிலமில்லை, அப்பன் வைத்துவிட்டுப் போனது ஒன்றுமில்லை, இந்தக் கையை எடுத்துவிட்டால் நல்லசிவம் என்று மிச்சம் இருப்பது என்ன, கோபம்தான். வசந்தாமணி சோற்றுக் கற்றாழையை உரித்துக்கொண்டிருந்தாள். "போனப் போடுங்க" என்றாள், தலை நிமிராமல். "அண்ணன் கெளம்பறதுக்குள்ள போடுங்க."

இடது கையால் போட்டேன். மணி அடித்தது, அடித்தது, எடு மச்சா, எடுடா. எடுத்தது சுகந்தி.

"மாமா" என்றாள். அவ்வளவுதான், "சொல்லுங்க" கூட இல்லை.

"அப்பனக் கூப்புடு கண்ணு."

"அப்பா பன்னெண்டு மணி பஸ்ஸுக்கே போயிட்டாருங்க. போன இங்கயே வெச்சுட்டுப் போயிட்டாரு. காலைலிருந்து பச்சத்தண்ணி குடிக்கல. தலைக்குத் தண்ணி ஊத்திட்டு, ஈரத்துணியோட என்னைய ஒரு பார்வ பாத்துட்டுப் போனாரு." மூச்சு வாங்கியது அவளுக்கு, கர்ப்பக்காரி மூச்சு. "அப்பாவுக்கே இப்பச் சந்தேகம் வந்துருச்சு மாமா. மூணு நாளா ராத்திரியெல்லாம் அவரு கையவே பாத்துட்டு உக்காந்திருந்தாரு. நல்லசிவத்துக் கை தப்பாது, நாந்தான் மூணப் புடிச்சுப்போட்டு நாலுன்னு நெனைச்சனோன்னு அம்மாகிட்டக் கேக்கறாரு. அது தெரியாமயே போயிக் கற்பூரத்த அடிக்கப் போறாரு."

நாற்பது வருசத்தில் நான் ஒரு மாட்டின் விலையை வாயால் சொன்னதில்லை.

"நாலு" என்றேன்.

"என்னங்க மாமா?"

"நாலு கண்ணு. உங்கப்பன் புடிச்சது நாலு. என்ற கைக்குத் தெரியல."

அந்தப் பக்கம் எங்கேயோ அவள் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் எனக்கும் திருப்பிக் கத்த ஒன்று கிடைக்கும்.

"அத எங்கிட்ட ஏன் மாமா சொல்றீங்க?" என்றாள் சுகந்தி. "போயி அங்க சொல்லுங்க."

வைத்துவிட்டாள். கார் வாயைத் திறந்தபடி நிற்கிறது, குழாயில் ஓட்டை, பழசு எங்கே விழுந்தது என்று தெரியவில்லை, புதுசு டப்பாவுக்குள்ளேயே கிடக்கிறது, அதை ஓட்டையில் வைத்துச் சுற்றுவதற்கு திருகுப் புரி பிடிப்பது விரல் நுனிக்குத் தெரிய வேண்டும், கோணலாய்ப் பிடித்தால் குழாயே போச்சு. என் கையை நம்பி அதைச் செய்ய முடியாது. பஸ் இனிமேல் இரண்டரைக்குத்தான், அது போய்ச் சேருவதற்குள் கற்பூரம் எரிந்திருக்கும். வசந்தாமணி கற்றாழைச் சோற்றை வைத்துக் கட்டுப் போட்டாள். பிறகு உள்ளே போய்ச் சேலை மாற்றாமல், செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு, பால் சொசைட்டிக்குப் போகிற ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி உதைத்தாள்.

"ஏறுங்க."

"நானா? பின்னாலயா?"

"முன்னால நான் உக்காந்திருக்கறன்ல?"

ஏறினேன். கேன் மாட்டுகிற கொக்கி முழங்காலில் இடித்தது. எதிர்வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தார், பார்க்கட்டும், சந்தையில் இன்னும் எத்தனையோ பேர் பார்க்கப் போகிறார்கள், புரோக்கர் நல்லசிவம் பொண்டாட்டி பின்னால் உட்கார்ந்து வந்தான் என்பது அதில் சின்னது. என்ன சொல்வது முதலில். மச்சா என்று ஆரம்பிப்பதா, கூட்டத்தைப் பார்த்து ஆரம்பிப்பதா. நாலு. அதை முதலில் சொல்லிவிட வேண்டும், வேறு ஒரு வார்த்தை முன்னால் வந்தாலும் நான் பேரம் பேச ஆரம்பித்துவிடுவேன். நாலு. வண்டி மெயின் ரோட்டில் ஏறியது, லாரி ஒன்று உரசுகிற மாதிரி போனது, அவள் இன்னும் முறுக்கினாள்.

"கெட்டியாப் புடிச்சுக்குங்க" என்று கத்தினாள், காற்றில்.

பிடித்திருக்கிறேனா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன்.